நோயாளரின் திருப்தியும் தமிழரின் மௌனமும்

நோயுற்ற ஒருவர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் வேளையில் அவர் முன் ஒரு வினா வைக்கப்படுகின்றது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளில் 2013 ஆம் ஆண்டு முதல் இது வழமையான நடைமுறையாக இருந்து வருகின்றது. தொடக்கத்தில் 'இம்மருத்துவமனையை உங்கள் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பரிந்துரைப்பீர்களா?' என்று கேட்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு முதல் 'மொத்தத்தில் எமது சேவை எவ்வாறு இருந்தது?' என்று கேட்கப்படுகின்றது. விடையளிக்கும் உள்நோயாளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் 'நன்று' என்றே குறிப்பிட்டு வருகின்றனர்.

அந்த விடைகளுக்குள் தமிழ் முதியோரின் விடைகளும் அடங்கியிருக்கின்றன. அவை எவ்வாறு அங்கு சென்று சேர்கின்றன என்பதைப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் அறியும். ஆங்கிலத்தில் இருக்கும் படிவத்தைப் பேத்தி வாசிக்கின்றாள். 'எல்லாம் நல்லம் எண்டு போடு பிள்ளை' என்கிறார் பாட்டி. பேத்தியும் அவ்வாறே அடையாளமிடுகின்றாள். மரக்கறி உணவு வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் மூன்று நாட்கள் பாணும் வாழைப்பழமும் உண்டு கழித்ததைப் பாட்டி சொல்லவில்லை. இரவில் மலசலகூடம் செல்ல உதவி தேவைப்பட்டும், தாதியை அழைக்கும் மணியை அழுத்தக் கூச்சப்பட்டு விடியும்வரை காத்திருந்ததைச் சொல்லவில்லை. வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரை ஏன் மாற்றப்பட்டது என்பது விளங்காமலேயே வீடு திரும்பியதையும் சொல்லவில்லை. இவை எவையும் படிவத்தில் இல்லை. திருப்தியடைந்த நோயாளர்களின் எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடியிருக்கின்றது.

இதனைச் சிறியதொரு விடயமாகக் கருதிவிட முடியாது. மருத்துவமனையொன்று தன் குறைகளை அறிந்து திருத்திக்கொள்வதற்கு நோயாளரின் வாக்குமூலம் இன்றியமையாதது. அந்த வாக்குமூலம் மௌனமாக இருக்குமாயின், அந்த மௌனமே திருப்தி எனப் பதிவாகிவிடுகின்றது. பதிவானதன் அடிப்படையிலேயே திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. 'தமிழர் எவரும் குறை கூறவில்லை; ஆகவே அவர்களுக்குக் குறை ஏதும் இல்லை' என்று ஒரு நிர்வாகம் எண்ணுமாயின், அந்த எண்ணத்தை ஏற்படுத்தியதில் தமிழருக்கும் பங்குண்டு.

இம்மௌனத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. போரினால் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த நாடு, கட்டணம் அறவிடாமல் சத்திரசிகிச்சை செய்த மருத்துவமனை, உயிர்காத்த மருத்துவர் என்ற நன்றியுணர்வு முதியோர் மனதில் ஆழமாக வேரூன்றியுள்ளது. மருத்துவரை எதிர்த்துப் பேசுவது பண்பன்று என்ற எண்ணம் ஊரிலிருந்தே உடன் வந்தது. குறை சொன்னால் அடுத்த முறை கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. 'பாவம், அந்தத் தாதிப்பிள்ளைகளுக்கு எவ்வளவு வேலை' என்ற இரக்கமும் உண்டு. இவற்றுள் எதுவும் இழிவானதன்று.

இது தமிழருக்கு மட்டும் உரிய இயல்பும் அன்று. நோயாளர் திருப்தி குறித்து 1998 ஆம் ஆண்டு வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. தமக்கு நேர்ந்த குறையை நோயாளர் நன்கு உணர்ந்திருந்தும், 'அது அவர்களுடைய கடமையன்று' என்றோ, 'அவர்களால் வேறு எதுவும் செய்ய முடிந்திராது' என்றோ தமக்குள் சமாதானம் செய்துகொண்டு நல்ல மதிப்பீட்டையே வழங்குவதுண்டு என அது கண்டறிந்தது. ஆகவே 'திருப்தி' என்று எழுதப்பட்ட சொல்லும், கட்டிலில் கிடந்தவர் பெற்ற அனுபவமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த இடைவெளியை முன்னரே உணர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஹார்வி பிக்கர். எக்ஸ்ரே கருவிகளை உற்பத்தி செய்யும் குடும்பத் தொழிலை நடத்திய அவர், நோயுற்றிருந்த தம் மனைவிக்கு உயர்ந்த தொழில்நுட்பத்துடன் அளிக்கப்பட்ட சிகிச்சையில் நோயாளியின் உணர்வுக்கும் தேவைக்கும் உரிய இடம் இல்லாதிருந்ததைக் கண்டார். 1986 ஆம் ஆண்டு தம் பெயரால் ஒரு நிறுவனத்தை அமைத்தார். உடலை ஊடுருவிப் பார்க்கும் கருவிகளைச் செய்தவர், அக்கருவிகளால் பார்க்க முடியாததைக் கேட்டறிய முற்பட்டார் எனலாம். அந்நிறுவனத்தின் வழியில் வளர்ந்த ஆய்வுமுறை, 'திருப்தியா?' என்று பொதுப்படக் கேட்பதை விடுத்து, என்ன நடந்தது என்று கேட்டது. வலி ஏற்பட்டபோது உதவி கிடைத்ததா? கேட்ட கேள்விக்கு விளங்கும்படி மறுமொழி கிடைத்ததா? வீடு செல்லும்போது அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லப்பட்டதா? இத்தகைய வினாக்களுக்கு நன்றியுணர்வினால் விடையளிக்க முடியாது. நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

இன்று இங்கிலாந்தில் மருத்துவமனைகளையும் பராமரிப்பு நிலையங்களையும் கண்காணிக்கும் தர ஆணையம் நடத்தும் உள்நோயாளர் ஆய்வும் இவ்வகையைச் சேர்ந்தது. மருத்துவமனையில் ஓர் இரவேனும் தங்கிய, 16 வயதுக்கு மேற்பட்ட நோயாளர்களிலிருந்து தெரிவு செய்யப்படுவோருக்கு இந்த வினாக்கொத்து அனுப்பப்படுகின்றது. மதிப்புடன் நடத்தப்பட்டீர்களா, உணவு உண்ண உதவி கிடைத்ததா, உங்கள் சிகிச்சை பற்றிய முடிவுகளில் உங்களுக்கும் இடமளிக்கப்பட்டதா என்றெல்லாம் அது வினவுகின்றது. இத்தகைய மடல் தமிழ் வீடுகளின் கதவுக்குள்ளும் வந்து விழுகின்றது. விளம்பரத் தாள்களோடு சேர்த்து அது குப்பைக்கூடைக்குப் போகுமாயின், ஒரு வாக்குச்சீட்டு வீணானதற்கு ஒப்பாகும்.

நோயாளரின் குரலைக் கேளாதுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று பகர்கின்றது. இங்கிலாந்தின் ஸ்டஃபர்ட் நகர மருத்துவமனையில் 2005 ஆம் ஆண்டுக்கும் 2009 ஆம் ஆண்டுக்கும் இடையில் நிகழ்ந்தவை அந்நாட்டையே தலைகுனிய வைத்தன. நோயாளர் அழுக்கடைந்த படுக்கைகளில் நெடுநேரம் விடப்பட்டனர். தண்ணீர் கைக்கெட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது. உதவி கேட்டு எழுப்பிய குரல்களுக்கு மறுமொழி இருக்கவில்லை. நிர்வாகமோ நிதிநிலையிலும் இலக்குகளை எட்டுவதிலும் கவனம் செலுத்திக்கொண்டிருந்தது. அங்கே தன் தாயை இழந்த ஜூலி பெய்லி என்ற பெண் 2007 ஆம் ஆண்டு, தம்மைப் போல் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் திரட்டிப் போராடத் தொடங்கினார். இறுதியில் ரொபேர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2013 ஆம் ஆண்டு பெப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் வெளிவந்தது. நோயாளரும் உறவினரும் எழுப்பிய முறைப்பாடுகளுக்குச் செவிசாய்க்கப்படவில்லை என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்றாகும். சிகிச்சையில் தவறு நேர்ந்து நோயாளருக்குத் தீங்கு ஏற்பட்டால், அதனை அவரிடம் ஒளிவுமறைவின்றித் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடப்பாடு 2014 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்ததும் இதன் தொடர்ச்சியே.

ஸ்டஃபர்டில் குறை சொன்னவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுடைய குரலே எளிதில் கேட்கப்படவில்லை என்றால், சொல்வதற்கு மொழியே இல்லாதவரின் நிலை என்ன? இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டோர் 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அவர்களுள் பலர் ஆங்கிலம் அறிந்தவர்களே. எனினும் கடையில் பொருள் வாங்கப் போதுமான ஆங்கிலம், நெஞ்சு வலிக்கும் வேளையில் போதுமானதாக இருப்பதில்லை.

'நெஞ்சு அந்தரமாக இருக்கிறது' என்று ஒரு தாய் சொல்வதாகக் கொள்வோம். அருகில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதனை எவ்வாறு ஆங்கிலத்தில் சொல்லும்? அது மனக்கலக்கமா, மூச்சு முட்டுதலா, இதயத் துடிப்பில் ஏற்பட்ட மாற்றமா? தாயிடமே மீண்டும் கேட்டுத் தெளிய வேண்டிய சொல் அது. 'கால் உளைகிறது', 'கால் விறைக்கிறது', 'கால் எரிகிறது' என்ற மூன்றும் மருத்துவருக்கு மூன்று வேறு செய்திகள். பிள்ளை மூன்றையும் வலி என்ற பொருள்தரும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கிவிடும். தெற்காசிய வழிவந்தோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரை விட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளங்களே விறைப்பும் எரிவும். அவ்விரு சொற்களும் வழியில் தொலைந்துபோனால், பாதத்தைக் காக்க வேண்டிய காலமும் தொலைந்துபோகின்றது.

ஒரு சொல் பிறழ்வதால் ஒரு வாழ்வே பிறழக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1980 ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவம் எடுத்துக்காட்டாக உள்ளது. நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞனைப் பற்றி, ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்தினர் 'இன்டொக்சிகாடோ' என்று கூறினர். உண்ட உணவு ஒவ்வாமல் போயிருக்கலாம் என்பதே அவர்கள் கருதிய பொருள். ஒலி ஒத்த ஆங்கிலச் சொல்லைக் கொண்டு போதைப்பொருள் மயக்கம் என மருத்துவர் விளங்கிக்கொண்டனர். உண்மையில் அவனுக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. அது கண்டறியப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. கைகளும் கால்களும் செயலிழந்தன. ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டொலர் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கு இருந்திருப்பின் அந்த இளைஞனின் வாழ்வு வேறாக இருந்திருக்கலாம்.

அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, சிறுவர் சிகிச்சையின் 13 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தது. சந்திப்பொன்றுக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள் காணப்பட்டன. மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளில் 53 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவையாக இருந்தன. உறவினரும் அருகில் நின்றோரும் செய்த பிழைகளில் இது 77 விழுக்காடு. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரும் தவறிழைப்பார். எனினும் உறவினரின் தவறு கூடுதல் ஆபத்தானது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதில் இன்னொரு தீங்கும் உண்டு. தன் கருப்பை நோயை மகனின் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் தாய், அதனைச் சொல்லாமலே விட்டுவிடுவார். தந்தைக்குப் புற்றுநோய் என்ற செய்தியைத் தந்தைக்கு முன்னரே அறிந்து, அதனை அவரிடம் சொல்வதா மறைப்பதா என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டிய நிலை ஒரு பள்ளி மாணவிக்கு ஏற்படலாகாது. 'அப்பாவுக்கு ஒன்றுமில்லையாம்' என்று அவள் சொல்லிவிட்டால் அதனைப் பொய் என்று எவர் கடிந்துகொள்ள முடியும்? அது அன்பினால் வந்தது. ஆயினும் தன் உடலைப் பற்றிய உண்மையை அறியும் உரிமையை அந்தத் தந்தை இழந்துவிடுகின்றார்.

இவ்வுண்மையை உலக நாடுகள் சில சட்டத்திலும் வழிகாட்டலிலும் ஏற்றுக்கொண்டுள்ளன. தமிழர் கணிசமாக வாழும் நோர்வேயில் 2022 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம், பொதுச் சேவைகளில் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றது; மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997 ஆம் ஆண்டு, செவிப்புலன் அற்றோருக்கு மருத்துவமனையில் சைகைமொழி மொழிபெயர்ப்பாளரை வழங்காமை சமத்துவ உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. நோயாளரோடு விளங்கும்படி பேசுவது சிகிச்சையின் பிரிக்கமுடியாத பகுதி என்பதே அத்தீர்ப்பின் சாரம். இங்கிலாந்தில் 2018 ஆம் ஆண்டு வெளியான தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டல், குடும்ப மருத்துவர் நிலையங்களில் நோயாளரிடம் கட்டணம் பெறாமல் மொழிபெயர்ப்பு வழங்கப்பட வேண்டும் என்கின்றது. உடனடிச் சிகிச்சை அவசியமான சந்தர்ப்பங்கள் தவிர, 16 வயதுக்கு உட்பட்டோரை அதற்குப் பயன்படுத்துவதை அது ஏற்பதில்லை. மருத்துவமனைகளிலும் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். மருத்துவரைச் சந்திக்க நாள் குறிக்கப்படும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை' என்று கேட்பது சலுகையைக் கேட்பதாகாது.

அப்படியாயின் இளையோருக்கு இதில் பணி எதுவும் இல்லையா? நிறையவே உண்டு. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வது பாட்டிக்கு உண்மையிலேயே விளங்கியதா என்று கவனிக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகளை முதல் நாளே பாட்டியிடம் கேட்டு எழுதிச் செல்லலாம். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை வைத்திருக்கலாம். அனைத்துக்கும் மேலாக, வீடு வந்ததும் படிவத்தை நிரப்பும்போது 'நல்லமா?' என்று கேளாமல், 'இரவில் யாரேனும் வந்து பார்த்தார்களா? சாப்பிட்டீர்களா? வலி என்று சொன்னபோது என்ன செய்தார்கள்?' என்று கேட்கலாம். இந்த வினாக்களுக்குப் பாட்டி சொல்லும் மறுமொழி வேறாக இருக்கும். பெற்ற பிள்ளைகளுக்கும் தெரியாத பல செய்திகள் அப்போது வெளிவரும்.

உரிய நேரத்தில் குரல் எழுப்புவது உயிரோடு தொடர்புடையது என்பதை மார்த்தா மில்ஸ் என்ற சிறுமியின் மரணம் இங்கிலாந்துக்கு உணர்த்தியது. 13 வயதான அவள் 2021 ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனையொன்றில் குருதியில் தொற்றுப் பரவி உயிரிழந்தாள். பெற்றோர் தம் கவலையைத் தெரிவித்தும் அதற்குரிய கவனம் அளிக்கப்படவில்லை. உரிய வேளையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தால் அவள் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என மரண விசாரணை அதிகாரி 2022 ஆம் ஆண்டு முடிவு செய்தார். அவளுடைய பெற்றோரின் இடையறாத முயற்சியால் 'மார்த்தாவின் விதி' உருவாகி, 2024 ஆம் ஆண்டு முதற்கட்டமாக 143 மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டது. நோயாளரின் நிலை மோசமடைவதாகக் குடும்பத்தினர் கருதினால், பகலென்றும் இரவென்றும் பாராது வேறொரு மருத்துவக் குழுவின் அவசர மீளாய்வைக் கோர அது வழிசெய்கின்றது. நாள்தோறும் நோயாளரிடம் அவருடைய நிலை எவ்வாறு உள்ளது என்று கேட்டுப் பதிவு செய்வதும் அதன் ஒரு பகுதியாகும். அந்தக் கேள்விக்கும் 'பரவாயில்லை' என்றே விடை சொல்லப் பழகியிருப்பவர்களை அவ்விதி எவ்வாறு காக்கும்?

குறையை முறையாகத் தெரிவிக்கும் வழிகளையும் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும். இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'பால்ஸ்' எனப்படும் நோயாளர் ஆலோசனைப் பிரிவு உண்டு. சிறிய சிக்கல்கள் பலவற்றை அங்கேயே பேசித் தீர்க்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டைப் பொதுவாக 12 மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். அது கிடைத்ததை மூன்று வேலை நாட்களுக்குள் மருத்துவமனை ஏற்று அறிவிக்க வேண்டும். முறைப்பாடு எழுத உதவும் சுயாதீனமான சேவை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. மருத்துவமனையின் இறுதி மறுமொழியில் நிறைவில்லையெனில் சுகாதார சேவைக்கான குறைகேள் அதிகாரியை நாடலாம். பிற நாடுகளில் வாழ்வோர் தத்தம் நாட்டின் ஒழுங்குகளைக் கேட்டறிந்துகொள்ளுதல் நன்று.

குறை கூறுதல் என்பது தாதியரைத் திட்டுவதன்று. அம்மருத்துவமனைகளில் பணிபுரிவோருள் தமிழ் மருத்துவர்களும் தமிழ்த் தாதியரும் இருக்கின்றனர். ஆளணிப் பற்றாக்குறையின் சுமை அவர்கள் தோளில்தான் விழுகின்றது. இன்ன நாள், இன்ன நேரம், இன்னது நடந்தது என்று பணிவோடும் தெளிவோடும் எழுதப்படும் ஒரு பக்கம், அவர்களுக்குத் துணையாகவே அமையும். நன்றியையும் அவ்வாறே எழுதலாம். 'எல்லாம் நல்லம்' என்பதை விட, 'நள்ளிரவில் என் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தார் அந்தத் தாதி' என்பது பெறுமதி மிக்க நன்றியாகும்.

மருத்துவத்தைத் தமிழில் பேச முடியாது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நோயாளரின் மொழியிலேயே மருத்துவம் அமைய வேண்டும் எனக் கருதித் தமிழ் கற்றார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். நோயாளரை நோக்கி ஓர் அந்நியர் அத்தனை தூரம் நடந்து வந்தார். இன்று புலம்பெயர் நாடுகளில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் முதியோர் ஒன்றியங்களும் அதில் சிறு தூரமேனும் நடக்கலாம். உடல்நோவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுக்கு உரிய விளக்கங்களைத் தொகுத்து அச்சிடலாம். மருத்துவமனை மடல்களை வாசித்துப் படிவம் நிரப்ப உதவும் ஒரு மேசையை மாதம் ஒருமுறை மண்டபத்தின் மூலையில் இடலாம். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக எண்ணி நிறைவுறுகின்றது. அந்நான்கிலும் நோயாளியே முதலாவதாக வைக்கப்பட்டிருக்கின்றார். அவர் வாய்திறந்து சொல்லாதவரை ஏனைய மூன்றும் அரைகுறையாகவே இயங்கும். அடுத்த முறை அந்தப் படிவம் ஒரு தமிழ் வீட்டுக்குள் வரும்போது, அதில் விழும் அடையாளம் பாட்டியின் பணிவைக் காட்டாமல் அவர் பட்டதைக் காட்டட்டும். பிந்தி அதே கட்டிலில் படுக்கப்போகும் இன்னொரு தாய்க்கு அதுவே பேருதவியாகும்.